களைக்கும் ஒரு நோய் வரட்டுமே!

ரயில்வேயில் இருப்புப்பாதைப் பராமரிப்பில் முப்பத்தேழு வருடங்கள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சிவில் டிப்ளமா முடித்து 1982ல் பி.டபிள்யூ.ஐ.யாகச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு இரண்டே எதிரிகள்தான். ஒன்று துரு, மற்றொன்று களை. துரு தண்டவாளத்தையும் ஃபிஷ் பிளேட்டையும் அரிக்கும். களையோ ஜல்லிக்கு நடுவே முளைத்து மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மழைத் தண்ணீர் வடியாது, பாதை அமுங்கும். இந்த இரண்டையும் விரட்டுவதற்காகக் கேங்மேன்களைக் கூட்டிக்கொண்டு வெயிலென்றும் மழையென்றும் பாராமல் நடந்திருக்கிறேன்.

ஓய்வு பெற்று ஜபல்பூரில் குடியேறிய பிறகுதான் ஒரு விஷயம் தெரியவந்தது. ஒரு எதிரியை இன்னொரு எதிரியின் மேல் ஏவிவிடலாமாம்! நான் சொல்லும் துரு இரும்புத் துரு அல்ல. இலையின் அடியில் செம்பழுப்புப் பொடியாகக் கிளம்பும் 'துரு நோய்'. கோதுமை பயிரிடும் இந்தப் பக்கத்து விவசாயிகள் அந்தப் பெயரைக் கேட்டாலே பயப்படுவார்கள். அது ஒரு பூஞ்சாணம். பயிருக்கு வந்தால் நஷ்டம். அதே மாதிரி ஒரு பூஞ்சாணம் பயிரை விட்டுவிட்டுக் களையை மட்டும் பிடித்தால்?

'தண்டவாளம் பார்த்த மனுஷனுக்கு விவசாயத்தில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் சொல்லிவிடுகிறேன்.

அருப்புக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல் நிலம் உண்டு. தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். 2018ல் ஒரு நாள் போன் செய்தான். "அண்ணே, சோளத்துல களை வெட்ட ஆள் கிடைக்கல. கூலியும் கட்டுப்படியாகல. மருந்தடிச்சுட்டேன்" என்றான். அடித்தது 2,4-டி. சோளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, களையும் கருகியது. ஆனால் அன்று காற்று வேறு பக்கம் வீசியது. பக்கத்துப் புஞ்சை எங்கள் சித்தப்பா மகனுடையது, அதில் பருத்தி. அந்த மருந்தின் சாரல் பட்டாலே பருத்திக்கு ஆகாது. நான்கு நாளில் இலையெல்லாம் சுருங்கி வெண்டை இலை போல விரல் விரலாகிவிட்டது. காய் பிடிக்கவில்லை. பேச்சு முற்றி, நஷ்ட ஈடு கேட்டு, ஊர்ப் பெரியவர்கள் வரை போய், இன்று வரை இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அதன் பிறகு நடந்த என் மகள் கல்யாணத்துக்குக்கூட அவர்கள் வரவில்லை. ஒரு டப்பா களைக்கொல்லி அறுபது வருட உறவை அறுத்துவிட்டது.

இன்னொரு சம்பவமும் உண்டு. அது என் மனசாட்சி சம்பந்தப்பட்டது. எனக்குக் கீழே வேலை பார்த்த கேங்மேன் ஒருவருக்கு மழைக்காலம் வந்தால் முகமும் கழுத்தும் தடித்து, கருத்து, நீர் வடியும். பார்த்தீனியம் ஒவ்வாமை என்றார் டாக்டர். அந்தச் செடி இருக்கும் பக்கமே போகக்கூடாது என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார். பாதை முழுக்க அந்தச் செடிதான். அவர் எங்கே போவார்? நான் அவரை வேறு வேலைக்கு மாற்ற இரண்டு மழைக்காலம் எடுத்துக்கொண்டேன். இரண்டு மழைக்காலம்! இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பார்த்தீனியத்தை இங்கே 'காஜர் காஸ்' என்பார்கள். இலை காரட் இலை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். மகாராஷ்டிரத்தில் காங்கிரஸ் புல். அமெரிக்க கோதுமையோடு வந்து இறங்கியதாகச் சொல்லப்படுகிறது. 1955 வாக்கில் புனேயில் முதலில் கவனிக்கப்பட்டது; பிறகு ரயில் பாதை, ரோட்டோரம் என்று பிடித்துக்கொண்டு நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஒரு செடி பத்தாயிரத்துக்கு மேல் விதை போடும். அதன் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே அது இந்த அளவுக்கு ஆட்டம் போடுவதில்லை. காரணம், அங்கே அதைத் தின்ன வண்டு இருக்கிறது. அதைப் பிடிக்கத் துரு நோய் இருக்கிறது. செடி மட்டும் கப்பல் ஏறி வந்தது. அதன் எதிரிகள் ஊரிலேயே நின்றுவிட்டன. பூஞ்சாண வைத்தியத்தின் ஒரு பாதி இவ்வளவுதான்: விட்டுவிட்டு வந்த எதிரியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவது.

பூஞ்சாணம் வேலை செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியாத அதன் வித்து காற்றில் வந்து இலைமேல் விழும். இலையில் சில மணி நேரம் பனி ஈரம் இருந்தால் வித்து முளைக்கும். முளை இலைக்குள் புகுந்து செடியின் சத்தை உறிஞ்சும். சில நாளில் இலையில் கொப்புளம் வெடித்து, ஆயிரக்கணக்கான வித்துகள் மறுபடி காற்றில் கிளம்பும். செடி உடனே சாகாது. இளைக்கும், பூப்பது குறையும், பயிரோடு போட்டி போடும் தெம்பு போகும். விவசாயிக்கு அது போதும்.

இது காகிதக் கணக்கு இல்லை. ஆஸ்திரேலியாவின் கோதுமை நிலங்களில் 'எலும்புக்கூட்டுக் களை' என்று ஒன்று விவசாயிகளை விரட்டிக்கொண்டிருந்தது. இலை குறைவு, வெறும் தண்டு. அதனால் அந்தப் பெயர். அதன் பூர்வீகம் மத்தியதரைக் கடல் பகுதி. அந்த நாட்டு விஞ்ஞானிகள் இத்தாலியிலிருந்து அதன் துரு நோயைக் கொண்டுவந்து 1971ல் விட்டார்கள். ஒரு நாட்டிலிருந்து தாவர நோயைத் திட்டமிட்டுக் கொண்டுபோய்க் களைமேல் ஏவியதில் அதுதான் முன்னோடி. காற்றே சாரதி, துரு தானாகவே பரவி, களை மளமளவென்று அடங்கியது. மருந்துச் செலவு மிச்சம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தக் களையில் மூன்று வகை உண்டு. துரு பிடித்தது குறுகிய இலை வகையை மட்டும்தான். அது ஒழிந்த இடத்தில் மற்ற இரண்டு வகைகளும் பரவ ஆரம்பித்துவிட்டன! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பாதையில் ஒரு பள்ளத்தைத் தூக்கி நிறுத்தினால் பக்கத்தில் இன்னொன்று இறங்கும். அதனால்தான் கீமேன் தினமும் நடக்கிறார்.

இந்த வைத்தியத்தின் மறு பாதி, பூஞ்சாணத்தைத் தொழிற்சாலையில் வளர்த்து, மருந்து போலப் பருவந்தோறும் தெளிப்பது. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்து நெல் வயல்களில் ஒரு களை உண்டு. நம் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு உதவும் நெட்டிச் செடியின் இனத்தைச் சேர்ந்தது. அதன் கறுப்பு விதை நெல்லோடு கலந்தால் நெல்லின் விலை இறங்கிவிடும். அந்தக் களைக்குத் தண்டுக் கருகல் உண்டாக்கும் பூஞ்சாணத்தைப் பொடியாக்கி 1982ல் 'கொல்லெகோ' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நெல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, களை செத்தது.

அதற்கு முந்தைய வருடம், 1981ல், ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் மரத்தைச் சுற்றி நெரிக்கும் ஒரு கொடிக்காக 'டிவைன்' என்ற மருந்து வந்தது. பூஞ்சாணத்தைப் போன்ற ஒரு கிருமி அதில் இருந்தது. ஒரு தடவை மண்ணில் விட்டால் பல வருடங்கள் தங்கிக் கொடியைக் கொன்றது. தோட்டக்காரருக்குக் கொண்டாட்டம். விற்றவருக்கு? ஒரு தடவை வாங்கியவர் மறுபடி கடைப்பக்கம் வரவில்லை. வியாபாரம் படுத்துவிட்டது.

வாசகர்களே, நான் சொல்ல வந்த விஷயம் இதில்தான் இருக்கிறது. நன்றாக வேலை செய்யும் பூஞ்சாணம் வியாபாரிக்கு ஆகாது. ஒரே ஒரு களையை மட்டும் கொல்வதால் வாங்குபவர் குறைவு. உயிருள்ள பொருள் என்பதால் மாதக்கணக்கில் அலமாரியில் வைக்க முடியாது. பனி இல்லாத நாளில் தெளித்தால் பலிக்காது. பலித்தாலோ மறு வருடம் விற்பனை இல்லை! எல்லாக் களையையும் ஒரே அடியில் கருக்கும் ரசாயன மருந்துக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது. ஆகவே 'நல்ல சரக்கென்றால் கம்பெனிக்காரன் கொண்டுவந்திருக்க மாட்டானா?' என்று கேட்பது தவறான கேள்வி. ரயில் பாதையைத் தினமும் நடந்து பார்ப்பதில் யாருக்கு லாபம்? லாபம் இல்லை என்று விட்டுவிட்டோமா? பொதுப் பணத்தில் செய்ய வேண்டிய பொது வேலை அது. பூஞ்சாண வைத்தியமும் அப்படித்தான்.

நம் நாட்டில் முயற்சி நடக்காமல் இல்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களையும் கேரளத்துத் தோட்டங்களையும் மூடிக்கொண்டு படரும் மைக்கானியா என்ற கொடியை அங்கே இருக்கும் நம்மவர்கள் பார்த்திருப்பார்கள். மலையாளத்தில் அதற்குத் 'திருதராஷ்டிரப் பச்சை' என்று பெயர். திருதராஷ்டிரன் கட்டித் தழுவினால் என்ன ஆகும் என்பதுதான் நமக்குத் தெரியுமே! தென் அமெரிக்காவை ஒட்டிய டிரினிடாட் தீவிலிருந்து அதன் துரு நோயைக் கொண்டுவந்து, டெல்லியில் தனிமைக் கூடத்தில் வைத்து நம் பயிர்களுக்குத் தொற்றாது என்று சோதித்து, 2005ல் அசாமிலும் 2006ல் கேரளத்திலும் விட்டார்கள். துரு பிடித்தது, ஆனால் நிலைக்கவில்லை. அதே துரு பாப்புவா நியூ கினியாவிலும் ஃபிஜியிலும் தைவானிலும் வேரூன்றிவிட்டது. ஒரு முறை நிலைக்காவிட்டால் என்ன? வேறு பருவத்தில், வேறு இடத்தில், அதிக அளவில், வருடா வருடம் விட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். புதிதாகப் போட்ட பாதை முதல் மழையிலேயே அமுங்கும். அதற்காகத் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவோமா? மறுபடி ஜல்லி கொட்டி இடித்துத்தானே நிறுத்துகிறோம்!

'ஐயா, களையைப் பிடித்த நோய் நாளைக்குப் பயிரைப் பிடித்தால்?' என்று பயப்படுபவர்கள் உண்டு. அந்தப் பயம் நல்ல பயம். அதை விட்டுவிடக் கூடாது. பார்த்தீனியத்தைத் தின்னும் மெக்சிகோ வண்டை 1984ல் பெங்களூரில் விட்டபோதும், சில வருடம் கழித்து அது சூரியகாந்தி இலையைக் கடித்ததாகப் பெரிய கூச்சல் எழுந்தது. ஆராய்ந்ததில் சூரியகாந்தி இலைமேல் பார்த்தீனிய மகரந்தம் படிந்திருந்ததே காரணம் என்று தெரிந்தது. சோதனை செய்ததால் வண்டும் பிழைத்தது, விவசாயியின் பயமும் தெளிந்தது. பூஞ்சாணத்திலும் அப்படியே. ஃபுளோரிடாவில் கொடியைக் கொன்ற கிருமியின் இனம்தான் நம் ஊரில் தென்னைக்குக் குருத்தழுகலை உண்டாக்குகிறது. அங்கே ஆரஞ்சுத் தோட்டத்துக்கு நல்லது என்பதற்காகப் பொள்ளாச்சியில் கொண்டுவந்து விட்டால் கதை கந்தல்தான். ஆகவே ஒவ்வொரு கிருமியையும் நம் மண்ணின் பயிர்கள்மேல் சோதிக்காமல் விடக்கூடாது. 'இயற்கை' என்ற சொல் பாதுகாப்புச் சான்றிதழ் ஆகாது. பாம்பின் விஷமும் இயற்கைதானே?

இப்போது எங்கள் சோளக் கொல்லைக்கு வருகிறேன். சோளம் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குச் சுடுமல்லி ஞாபகம் இருக்கும். பார்க்கச் சின்னச் செடி, அழகான பூ. ஆனால் சோளத்தின் வேரில் ஒட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சும். தரைக்கு மேலே தலைகாட்டும்போது பாதிச் சேதம் முடிந்திருக்கும். பிறகு மருந்தடித்துப் பயன் குறைவு. விதை தூசி போல. பத்து வருடத்துக்கு மேல் மண்ணில் உயிரோடு கிடக்கும். ஆப்பிரிக்காவில் கென்யாவின் மேற்குப் பகுதியில் மக்காச்சோளத்தை இதே இனக் களை அழித்து வந்தது. அங்கே அமெரிக்க விஞ்ஞானி டேவிட் சாண்ட்ஸும் உள்ளூர் விவசாயிகளும் சேர்ந்து செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது.

சுடுமல்லி இனத்துக்கு வாடல் நோய் தரும் ஒரு பூஞ்சாணத்தை உள்ளூர் வயலிலிருந்தே எடுத்து, பல் குத்தும் குச்சியில் ஏற்றிக் கிராமத்துக்குக் கொடுத்தார்கள். கிராமத்துப் பெண்கள் சோறு வடித்து, ஆற வைத்து, குச்சியை அதில் போட்டு மூடி வைத்தார்கள். சில நாளில் சோறு முழுக்கப் பூஞ்சாணம். விதைக்கும்போது ஒவ்வொரு குழியிலும் மக்காச்சோள விதையோடு ஒரு சிட்டிகை அந்தச் சோறு. களை வேரைத் தேடி வரும்போது பூஞ்சாணம் வாசலிலேயே காத்திருக்கும்! ஐந்நூறு விவசாயிகளின் நிலத்தில் நடந்த சோதனையில் விளைச்சல் நாற்பது சதவிகிதத்துக்கு மேல் கூடியது. வாழைக்கு வாடல் தரும் பூஞ்சாணமும் இதே இனம்தான். ஆனால் அது வேறு கிளை. இந்தக் கிளை மக்காச்சோளத்தைத் தொடுவதில்லை என்று பார்த்த பிறகே விவசாயி கைக்குக் கொடுத்தார்கள்.

இட்லி மாவைப் புளிக்க வைக்கத் தெரிந்த நம் பெண்களுக்கு இது பெரிய வித்தையா? நம் வேளாண் பல்கலைக்கழகங்களும் விவசாய அறிவியல் மையங்களும் நம் மண்ணில் கிடைக்கும் கிருமியை எடுத்து, நம் பயிர்மேல் சோதித்து, மகளிர் குழுக்களிடம் கொடுத்தால் வேலை கிராமத்திலேயே நடக்கும். கம்பெனிக்கு லாபம் இல்லை என்ற பேச்சே எழாது. காற்றில் பறந்து பங்காளியின் பருத்தியைக் கருக்கும் ஆபத்தும் இல்லை.

ரசாயன மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. முப்பத்தேழு வருடம் அதைத் தெளிக்க உத்தரவு போட்டவன் அப்படிச் சொன்னால் ஊர் சிரிக்கும். ஆனால் அந்தக் கதவும் மெல்லச் சாத்திக்கொண்டு வருகிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு, கிளைபோசேட் மருந்தைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்கென்று உரிமம் பெற்றவர்களே தெளிக்க வேண்டும் என்று அறிவித்தது. களை வெட்ட ஆளும் இல்லை, மருந்துக்கும் கட்டுப்பாடு என்றால் சின்ன விவசாயி எங்கே போவான்? மூன்றாவது வழி ஒன்று இருக்க வேண்டாமா? அது ஒரு நாளில் வராது. பத்து வருடம், இருபது வருடம் விடாமல் செய்தால்தான் வரும். அதனால் இன்றே ஆரம்பிக்க வேண்டும்.

நம் சங்கத்தில் பலருக்கு ஊரில் நிலம் இருக்கிறது. தம்பியோ மைத்துனரோ குத்தகைதாரரோ பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியவை இரண்டு. முதலாவது, கடையில் டிரைக்கோடெர்மா, பிவேரியா என்று விற்கும் பூஞ்சாணப் பொடிகள் பயிரின் நோய்க்கும் பூச்சிக்கும் உரியவை, களைக்கு அல்ல. 'இயற்கைக் களைக்கொல்லி' என்று யாராவது பாக்கெட்டை நீட்டினால், எந்தக் களைக்கு, எந்தப் பூஞ்சாணம், பதிவு எண் என்ன என்று கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவது, நோய் பிடித்த களையைக் கண்டால் தானாகக் கரைத்து வயலில் தெளித்துப் பார்க்கும் வேலை வேண்டாம். பையில் போட்டு அருகிலுள்ள விவசாய அறிவியல் மையத்தில் கொடுக்கட்டும். யாருக்குத் தெரியும், தேடிக்கொண்டிருக்கும் கிருமி உங்கள் வரப்பிலேயே இருக்கலாம்.

ஜபல்பூர்வாசிகளுக்கு ஒரு வேண்டுகோள். களை ஆராய்ச்சிக்கென்றே உள்ள மத்திய அரசு நிறுவனம் நம் ஊரில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் கொண்டாடப்படுகிறது. இந்த வருடம் அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்தார் குடும்பத்தோடு கூடி, காலனி மைதானத்தில் உள்ள செடிகளைப் பூ வைக்கும் முன் வேரோடு பிடுங்கினால் என்ன? கட்டாயம் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். முகத்தில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். ஆஸ்துமாவும் தோல் ஒவ்வாமையும் உள்ளவர்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம், மோர் கலக்கிக் கொடுக்கட்டும். கையுறைகள் என் செலவு.

அந்தக் கேங்மேனுக்கு நான் அப்போது வாங்கிக் கொடுத்திருக்க வேண்டிய கையுறைகள் அவை.